மரகதத் தீவில் ஒன்பது பேர் குடியிருப்பது குறித்து

அனுப்புநர்
பெ. முருகேஸ்வரி (வயது 61),
க/பெ. காலஞ்சென்ற பெரியமுத்து,
வீட்டு எண் 3, ஏழாம் டிவிஷன் லயம்,
குளிராறு நீர்த்தேக்கம், சூரியநெல்லி வழி,
இடுக்கி மாவட்டம்.

பெறுநர்
வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
மேகமுடி தேசியப் பூங்கா,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: தங்கள் அலுவலகக் கையேட்டில் ஆளில்லாத தீவு என்று குறிக்கப்பட்டிருப்பது எங்கள் லயம் என்பதைத் தெரிவித்தல், அதிலுள்ள "பாழடைந்த கட்டடங்கள்" ஐந்தும் எங்கள் வீடுகள் என்பதால், அவற்றை டிசம்பர் முதல் தேதி காலி செய்வதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. "மரகதத் தீவு: தொலைதூரத் தீவுக்குச் செல்வோருக்குப் பயனுள்ள பதினான்கு குறிப்புகள்" என்னும் தங்கள் கையேடு.
2. படகுத்துறைப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள 10.11.2025 தேதியிட்ட தங்கள் அறிவிப்பு.
3. என் வீட்டுக் கதவில் சோற்றுப் பசையால் ஒட்டி வைக்கப்பட்டிருந்த, என் கைப்பட எழுதிய காலண்டர் தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எனக்கு வாய்த்த எழுத்து இது ஒன்றுதான். நான் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்ததால் லயத்தில் யாருக்கு மனு வேண்டுமானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். குழாய் உடைந்தது, கூரை ஒழுகுகிறது, இந்த ஆண்டுக் கம்பளி வரவில்லை என்று முப்பது ஆண்டாக எழுதிப் பழக்கம். ஆனால் "நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு மனுவை இதுவரை எழுதியதில்லை. அதற்கென்று தனி முறை உண்டா என்று தெரியாததால், குழாய் உடைந்த மனுவின் முறையிலேயே இதையும் எழுதுகிறேன்.

2. இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குளிராறு அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது எங்கள் எஸ்டேட்டின் ஏழாம் டிவிஷன் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ ஒரு மேடாக நின்றுவிட்டது. நாங்கள் அதைத் தீவு என்று ஒருநாளும் சொன்னதில்லை; மேடு என்றுதான் சொல்வோம். மேட்டின் மேல் ஐந்து வீடு கொண்ட ஒரு லயம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பெனி அங்கே கொழுந்து எடுப்பதை நிறுத்தியது. எங்களை மறுகரையில் உள்ள நான்காம் டிவிஷனுக்கு மாறச் சொன்னார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம் ஏற்கெனவே இருந்தது. மூன்றாவது குடும்பமாகப் போய் யார் அடுப்பில் யார் சமைப்பது என்று கேட்டோம், பதில் வரவில்லை. அதனால் போகவில்லை. கம்பெனியின் கணக்கில் நாங்கள் போய்விட்டோம். மேட்டை அரசிடம் ஒப்படைத்தபோது, அங்கே ஆள் இருப்பதை எழுதிக் கொடுக்கக் கம்பெனி மறந்தது. நினைவுபடுத்த நாங்களும் மறந்தோம். நாங்கள் மறந்ததற்குக் காரணம் உண்டு. அதைக் கீழே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

3. ஒவ்வொரு சித்திரையிலும் எங்கள் கோவில் கொடைத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவில் பக்கத்து ஊருக்குப் போவது வழக்கம். கொடை மூன்று நாள். போக வர, சொந்தக்காரர்களோடு பேச, பழைய சண்டைகளைத் தொடர எல்லாமாகச் சேர்த்து எட்டு நாள் ஆகும். படகு ஒரு வீட்டுக்காக வராது, வேன் ஒரு வீட்டுக்காகப் போகாது. எனவே போனால் ஐந்து வீடும் ஒன்றாகத்தான் போகும். கொடைக்குச் சம்பந்தமில்லாத ஏசுதாஸ் அண்ணன் குடும்பமும் கத்தரீனாள் குடும்பமும்கூட அதே வேனில் வந்து அவரவர் ஊரில் இறங்கிக்கொள்வார்கள். ஆக ஆண்டுக்கு முந்நூற்று ஐம்பத்தேழு நாள் மேட்டில் ஆள் உண்டு. தங்கள் கணக்கெடுப்புக் குழுவினர் மிச்சமுள்ள எட்டு நாளில் ஐந்தாம் நாளைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். பஞ்சாங்கம் பார்த்து வந்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

4. நாங்கள் இல்லாத நாட்களில் ஆடு, கோழி, நாய் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மறுகரையில் படகு வைத்திருக்கும் பவுல்ராஜுக்கு. தங்கமான மனிதர். ஆனால் வாயால் ஒன்றைச் சொன்னால் படகு மறுகரை சேர்வதற்குள் மறந்துவிடுவார். போன ஆண்டு கோழிக்கு வைத்த குருணையை ஆட்டுக்குப் போட்டு, ஆட்டுக்கு வயிறு ஊதிவிட்டது. ஆகவே இந்த முறை சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் மார்ச் மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கம் செய்ய வேண்டியவற்றைப் பதினான்கு வரிசையாக எழுதி, என் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். தங்கள் குழுவினர் பிய்த்து எடுத்துக்கொண்டு போன அந்தப் பதினான்குதான் தங்கள் பதினான்கு.

5. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு மனு எழுதியும் என் எழுத்து ஓர் அலுவலகத்தில் இவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டது இதுவே முதல் முறை. அதுவும் மூன்று மொழியில், வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு அச்சாகியிருக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "முற்காலத்தில் இங்கு வாழ்ந்து மறைந்தோர் விட்டுச் சென்ற குறிப்பை ஆதாரமாகக் கொண்டது" என்று நன்றியும் தெரிவித்திருக்கிறீர்கள். அந்த முற்காலம் இந்த ஆண்டு மார்ச் மாதம் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கோப்பில் உள்ள தாளைத் திருப்பினால் தெரியும். ஏழாம் தேதியில் "பிரஷர் மாத்திரை தீர்ந்தது" என்றும், இருபத்திரண்டாம் தேதியில் "அஜய் பிறந்தநாள், கேசரி" என்றும் என் பேனாவால் குறித்திருப்பேன். அஜய் என் மகள் வழிப் பேரன், வயது மூன்று. மறைந்துபோன முற்கால மக்களில் அவன்தான் இளையவன்.

6. என் குறிப்பும் தங்கள் குறிப்பும் வேறுபடும் இடங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

(அ) நான் எழுதியது: "தம்பி, எடது பக்கம் எறங்காத, சேறு. வலது பக்கம் வேரப் புடிச்சி எறங்கு." தாங்கள் வெளியிட்டது: "படகிலிருந்து வலதுபுறம் உள்ள வேரைப் பற்றி இறங்கவும்." மொழிபெயர்ப்பில் குறையில்லை. ஆனால் அது சித்திரை மாதத் தண்ணீருக்கு எழுதியது. இப்போது மழை முடிந்து நீர்மட்டம் ஏறி, அந்த வேர் ஆறடி ஆழத்தில் கிடக்கிறது. வருகிறவர்கள் கையேட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவுகிறார்கள். இதுவரை மூன்று பேர் விழுந்து, ஏசுதாஸ் அண்ணன் தூக்கிவிட்டிருக்கிறார். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை.

(ஆ) நான் எழுதியது: "அட்டை நெறைய கெடக்கு. அடுப்புக்கு மேல உப்பு டப்பா இருக்கு, எடுத்துக் கால்ல தேச்சுக்க." தாங்கள் வெளியிட்டது: "அட்டைக்கடியைத் தவிர்க்க உப்பு அவசியம். தீவிலேயே கிடைக்கும்." கிடைக்கிறது ஐயா. என் அடுப்பங்கரையில் கிடைக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து நான் உப்பு வாங்கும் வேகத்தைப் பார்த்துக் கடைக்காரர் நான் கருவாடு போடத் தொடங்கிவிட்டதாக நினைக்கிறார்.

(இ) நான் எழுதியது: "நாய் கொலைக்கும், கடிக்காது. ராணின்னு கூப்பிடு, வால ஆட்டும்." தாங்கள் வெளியிட்டது: "தீவில் காட்டு நாய் ஒன்று உண்டு. ராணி என்று அழைத்தால் சாந்தமடையும்." ஒரு காட்டு நாய்க்குப் பெயர் வைத்தது யார், வைத்த பெயரை அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆறாத வருத்தம்.

(ஈ) நான் எழுதியது: "கருப்பாட்டுக்கு வலது கால்ல புண்ணு. மஞ்சளும் வேப்பெண்ணையும் கொழச்சித் தடவு." பவுல்ராஜ் தாராளமாகத் தடவிவிட்டார். கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் "மஞ்சள்கால் கருப்பாடு: இத்தீவில் மட்டுமே காணப்படுவது" என்ற விளக்கத்தோடு இருப்பது அந்த ஆடுதான். புண் ஆறிவிட்டது, கால் மறுபடியும் கருப்பாகிவிட்டது. தேடி வருகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறோம்.

(உ) நான் எழுதியது: "மழ வந்தா மூணாவது வீட்ல ஒதுங்கிக்க. கதவு இறுக்கம், மேல தூக்கித் தள்ளு." தாங்கள் வெளியிட்டது: "மழை நேரத்தில் மூன்றாவது பாழடைந்த கட்டடத்தில் ஒதுங்கலாம். கதவைச் சற்று மேலே தூக்கித் தள்ளவும்." மூன்றாவது கட்டடம் என் வீடு. மேட்டில் ஆண்டில் ஆறு மாதம் மழை. நான் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கதவு மேலே தூக்கித் தள்ளப்படுகிறது. உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பயந்து கத்துகிறார்கள். கையேட்டில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லையாம்.

(ஊ) இது சிரிக்கும் விஷயம் அல்ல. நான் எழுதியது: "நாலு மணிக்கு மேல மேக்கு ஓரத்துக்குப் போகாத. ஆன நீந்தி ஏறும்." தாங்கள் வெளியிட்டது: "நான்கு மணிக்கு மேல் மேற்குக் கரை: யானைகள் நீந்திக் கரையேறும் இடம்." இடையில் இருந்த "போகாதே" என்னும் சொல் எங்கே போயிற்று? பார்வையாளர்கள் மூன்று மணிக்கே திரும்ப வேண்டும் என்ற தங்கள் விதியால் பலர் பிழைத்தார்கள். போன மாதம் கணவனும் மனைவியுமாக இருவர் யானை பார்க்கும் ஆசையில் கடைசிப் படகைத் தவறவிட்டு எங்கள் கக்கூஸில் ஒளிந்திருந்தார்கள். கண்டுபிடித்துக் கட்டன்சாயா கொடுத்து, பவுல்ராஜை வரவழைத்து அனுப்பி வைத்தோம். அன்று ஐந்து மணிக்கு மேற்கு ஓரத்தில் நான்கு யானை ஏறியது. உயிர் விஷயம் என்பதால் இந்த ஒரு குறிப்பையாவது இன்றே திருத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

7. இனி எங்கள் நிலைமை. ஜூன் முதல் தேதியிலிருந்து மேட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். காலை பத்து மணிக்கு முன் போகக்கூடாது, மூன்று மணிக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு நபருக்கான மதிய உணவுக்கு மேல் கொண்டு போகக்கூடாது. நான் என் வீட்டுக்குப் போக அநேகமாக நாள்தோறும் வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறேன். "வருகையின் நோக்கம்" என்ற இடத்தில் முதல் நாள் "சமையல்" என்று எழுதினேன். சீட்டுக் கவுண்டரில் இருக்கும் செபாஸ்டின் அதை அடித்துவிட்டு "இயற்கையை ரசித்தல்" என்று எழுதினார். பத்துக் கிலோ அரிசியை ஒரு நபருக்கான மதிய உணவு என்று பதிந்தவரும் அவரே. பதிந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேச்சி, நான் எழுதிட்டேன், இனி நீங்க அதுக்குத் தக்க மாதிரி நடந்துக்கணும்" என்றார்.

8. இரவு தங்குவதற்குத் தங்கள் விதியில் ஒரே ஒரு வழி உண்டு. தூய்மைப் பணித் தன்னார்வலராக இருக்க வேண்டும். செபாஸ்டின் எங்கள் ஒன்பது பேரையும் தினமும் அந்தப் படிவத்தில் சேர்த்துவிடுகிறார். எழுபத்திரண்டு வயது மூக்கம்மாள் மதினியும் மூன்று வயது அஜயும் ஐந்து மாதமாக இரவுதோறும் அரசுக்குத் தன்னார்வத் தொண்டு செய்து வருகிறார்கள். அவர் செய்தது விதிக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அவர் மட்டும் இல்லையென்றால் நாங்கள் ஜூன் மாதமே வீதிக்கு வந்திருப்போம். அவர் மேல் ஏதாவது நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.

9. அக்டோபரில் வன உயிரின வாரத்தின்போது, அதிக முறை வருகை தந்த இயற்கை ஆர்வலர் என்று எனக்கு ஒரு சான்றிதழும் பச்சைத் தொப்பியும் தரப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்களே தங்கள் கையால் கொடுத்தீர்கள். நூற்றுப் பன்னிரண்டு முறை வந்ததாக வாசித்தார்கள். "அந்தத் தீவில் அப்படி என்னம்மா உங்களுக்குப் பிரியம்?" என்று தாங்கள் ஒலிபெருக்கியில் கேட்டீர்கள். "அங்கதான் சார் என் வீடு" என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இயற்கையை ஒருவர் இவ்வளவு நேசிக்க முடியுமா என்று தாங்கள் வியந்து பேசினீர்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து, செபாஸ்டின் சான்றிதழைப் படித்துச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. நான் அங்கே வந்து போகிறவள் என்று அரசு முத்திரையோடு எழுதி, அதை நானும் கைகூப்பி வாங்கியிருக்கிறேன்.

10. பார்வை இரண்டில் கண்ட அறிவிப்பைச் செபாஸ்டின்தான் மலையாளத்திலிருந்து எங்களுக்குப் படித்துச் சொன்னார். பாழடைந்த கட்டடங்கள் ஐந்தும் டிசம்பர் முதல் தேதி காலி செய்யப்பட்டு, பார்வையாளர் ஓய்வறைகளாக மாற்றப்படும். உள்ளே கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்கள் அப்புறப்படுத்தப்படும் என்று இருக்கிறது. கேட்பாரற்ற பொருட்களில் என் கட்டில், கிரைண்டர், சிசிலி அக்காவின் தையல் மெஷின், கத்தரீனாள் வீட்டு மாதா படம், என் மகள் சிவசங்கரியின் கல்யாணப் பாத்திரங்கள் எல்லாம் அடங்கும். கேட்பார் ஒன்பது பேர் உண்டு. போவதற்கு வேறு வீடு ஒருவருக்கும் இல்லை.

11. அப்படியானால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயம். மேலே ஒளிக்காமல் எழுதுவதாகச் சொன்னது இதைத்தான். லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தால், வீட்டில் கணக்குக்கு மேல் எத்தனை ஆள் இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார் என்றே பொருள். செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள், வேலை முடிந்தும் போகாதவர்கள், கல்யாணமாகியும் அப்பன் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் போகும் வரை தேயிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வாசலில் நிற்கிறவர், எத்தனை பேர் என்று கேட்டால், யாருமில்லை என்பார். இது பொய் என்று எங்களுக்குத் தோன்றியதே கிடையாது. வணக்கம் சொல்வதுபோல் அது ஒரு மரியாதை.

12. அந்தப் பழக்கத்தில்தான் பவுல்ராஜும் வளர்ந்தார். தங்கள் குழுவைத் தன் படகில் ஏற்றி வந்தவர் அவர்தான். குழுத் தலைவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். இவர் சற்றும் யோசிக்காமல், "ஒரு ஈ காக்கா கெடையாது சாரே" என்று சொல்லியிருக்கிறார். கதவில் இருந்த தாளைப் பற்றிக் கேட்டதற்கு, "முன்ன இருந்தவுக யாரோ எழுதிப் போட்டுட்டுப் போயிருப்பாக" என்றிருக்கிறார். நாங்கள் கொடை முடிந்து வந்து இறங்கியபோது படகிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "யக்கா, ஆபீஸர் வந்தாரு. ஆளே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். ஒங்கள எல்லாம் காப்பாத்திட்டேன்." நாங்கள் ஒன்பது பேரும் அவரைப் பாராட்டினோம். கோவில் பிரசாதத்தில் அவர் பங்குக்கு மேல் ஒரு பங்கு நானே என் கையால் கொடுத்தேன். அவரைத் திட்ட எங்களில் யாருக்கும் வாயில்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

13. இந்தப் பழக்கத்தால் எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. எனது ரேஷன் கார்டு சூரியநெல்லியில் என் தங்கை வீட்டு முகவரியில் இருக்கிறது. வாக்காளர் அட்டை நான்காம் டிவிஷனில் இருக்கிறது. ஆதார் என் கொழுந்தனார் ஊரில் இருக்கிறது. மற்ற வீடுகளும் இப்படித்தான். நாட்டில் எத்தனையோ பேர் ஒரு முகவரிக்கே அல்லாடும்போது எங்களுக்கு ஆளுக்கு மூன்று இருக்கிறது. குடியிருக்கும் முகவரி மட்டும் இல்லை.

14. என் கணவர் பெரியமுத்துவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படகு வருவதைப் பார்த்து விசிலடித்து எங்களை உஷார்ப்படுத்தும் வேலை அவருடையது. விசிலடித்துவிட்டுத் தானும் தேயிலைக்குள் போவார். அவருக்கு நெஞ்சுச் சளி; இருமல் வெளியே கேட்காமலிருக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஆள் லயத்து வாசலில் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துப் போகும்வரை இரண்டு மணிநேரம் அப்படியே இருந்தார். ஆறு ஆண்டுக்கு முன் மூன்றாம் எண் வீட்டில், என் மடியில்தான் இறந்தார். மேட்டில் இறந்தார் என்று சொன்னால் மேட்டில் இருந்தார் என்று ஆகிவிடுமே என்று பயந்து, என் தங்கை வீட்டில் இறந்ததாகப் பதிந்தோம். பதிவேட்டின்படி அவர் மேட்டில் வாழவும் இல்லை, சாகவும் இல்லை. அதை எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

15. அவரை அடக்கம் செய்திருப்பது லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில். பவுல்ராஜுக்கு நான் எழுதிய பதினான்காவது குறிப்பு இது: "போறதுக்கு முன்னால கொய்யா மரத்தடில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ." தாங்கள் வெளியிட்டது: "திரும்பும் முன் கொய்யா மரத்தடியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டுச் செல்லவும்." மற்ற பதின்மூன்றிலும் எதையாவது கூட்டியோ குறைத்தோ விட்டீர்கள்; இதில் ஒன்றும் மாற்றவில்லை. வருகிறவர்களும் தவறாமல் உட்காருகிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அவரைப் புதைத்த மண்குவியலின் மேலேயே ஒருவர் காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். துரத்தலாம் என்று போனேன். போனவள் நின்றுவிட்டேன். உயிரோடு இருந்தபோது ஆள் வந்தால் ஓடி ஒளிந்த மனிதர். இப்போது எந்தெந்த ஊர்க்காரர்களோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை எடுத்துவிட வேண்டாம். தோலை மட்டும் அங்கே போட வேண்டாம் என்று சேர்த்துக்கொள்ளவும்.

16. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் கேட்டுக்கொள்வது:

(அ) டிசம்பர் முதல் தேதிப் பணியை நிறுத்தி வைக்க வேண்டும்.

(ஆ) எங்கள் ஒன்பது பேரையும் ஏழாம் டிவிஷனில் குடியிருப்பவர்களாகப் பதிவு செய்து, எங்கள் வீட்டுக்குப் போக எங்களுக்குச் சீட்டு வேண்டாம் என்று உத்தரவிட வேண்டும். நேரில் விசாரிக்கும் வரை காலண்டர் தாளையே சான்றாக ஏற்க வேண்டும். யாருமே இல்லாத இடத்தில் அதை எழுதியது யார் என்ற கேள்விக்குத் தங்கள் கோப்பில் வேறு பதில் இருந்தால், அதைத் தெரிந்துகொள்ள நாங்களும் ஆவலாக இருக்கிறோம்.

(இ) சான்றிதழைத் திருப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன். தொப்பியை அஜய் தர மறுக்கிறான்.

(ஈ) கையேட்டைத் திருத்தி அச்சிட்டால், இந்தப் பருவத்துக்குப் பொருந்தும் குறிப்புகளை எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். இப்போதைக்கு இவற்றையாவது சேர்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் முனைப்பாறைப் பக்கம் இறங்குவது நல்லது. உப்பை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரவும். குடிக்க மேல் குழாய்த் தண்ணீர், கீழ்க்குழாய் ஆட்டுக்கு. மூன்று மணிக்குள் படகுக்கு வந்துவிடவும். மழை வந்தால் எந்த வீட்டிலும் ஒதுங்கலாம். கதவைத் தூக்க வேண்டாம், தட்டவும். திறக்க ஆள் உண்டு.

17. டிசம்பர் முதல் தேதிக்கு முன் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை மேட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். படகு வரும்போது நாங்கள் தேயிலைக்குள் போகமாட்டோம். ஐந்து வீட்டு வாசலிலும் நிற்போம். எத்தனை பேர் என்று கேட்டால் ஒன்பது என்று சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். பவுல்ராஜையும் சொல்ல வைத்துப் பழக்கியிருக்கிறோம். வருகிறவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். மூக்கம்மாள் மதினி கைநாட்டு வைத்துவிட்டு விரல் மையைத் துடைத்துக்கொண்டார். "எம்பேர எழுதிட்டியாட்டீ? இனிமே அழிக்க முடியாதுல்லா?" என்று கேட்டார். அது பயந்து கேட்டதா, ஆசைப்பட்டுக் கேட்டதா என்று எனக்குப் புரியவில்லை. முடியாது மதினி என்று சொல்லிவிட்டேன். என் சொல்லைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

நாள்: 18.11.2025
இடம்: ஏழாம் டிவிஷன் மேடு (தங்கள் கையேட்டில் மரகதத் தீவு)

இப்படிக்கு,
இம்முறை வாசலில் நிற்கும்,

(ஒப்பம்) பெ. முருகேஸ்வரி

குடியிருப்போர்:
வீடு 1: ஏசுதாஸ் (66), சிசிலி (60) – ஒப்பம்
வீடு 2: மூக்கம்மாள் (72) – இடது பெருவிரல் ரேகை
வீடு 3: முருகேஸ்வரி (61) – ஒப்பம்
வீடு 4: அருண்பாண்டி (34), சிவசங்கரி (29) – ஒப்பம், அஜய் (3) – பென்சில் கிறுக்கல்
வீடு 5: கத்தரீனாள் (58), ஜின்சி (24) – ஒப்பம்

கொய்யா மரத்தடி: பெரியமுத்து. வாழ்ந்ததும் இறந்ததும் இங்கேதான். அவருக்காக ஒப்பம்: முருகேஸ்வரி